3 மீட்டர்கூட நீளமில்லாத கார்... நம்ம ரோட்டுக்கு சரிப்படுமா? எம்.ஜி. காமெட்டில் ஒரு நாள்

டெஸ்ட் டிரைவ்னா நமக்கெல்லாம் தெரிஞ்சது ஒண்ணுதான். ஷோரூம் வாசலில் இருந்து கிளம்பி, நல்ல ரோடாகப் பார்த்து ஒரு லெஃப்ட், ஒரு யூ-டர்ன், திரும்ப ஷோரூம். மொத்தமே 10 நிமிஷம். ஏ.சி. ஜில்லுன்னு இருக்கும். பக்கத்து சீட்டில் இருக்கிறவர் இ.எம்.ஐ. கணக்கு சொல்லிக்கிட்டே வருவார். இறங்கும்போது 'சூப்பரா இருக்கே'ன்னு தோணும். தோணாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

வழக்கமான ஹேட்ச்பேக் வாங்குறவங்களுக்கு அது ஓரளவு போதும். எல்லா ஹேட்ச்பேக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் ஓடும். ஆனால், எம்.ஜி. காமெட் மாதிரி ஒரு விசித்திரமான குட்டி காருக்கு அந்த 10 நிமிஷம் எதையுமே சொல்லாது. சில ரோடுகளில் இது மற்ற எந்த காரையும் விட வசதியான கார். வேறு சில ரோடுகளில் 'ஏன்டா வாங்கினோம்' என்று யோசிக்க வைக்கக்கூடிய கார். நீங்க தினமும் போற ரோடு இதில் எந்த ரகம் என்பதுதான் கேள்வியே.

எங்க வீட்டில் இந்தக் கேள்வி சும்மா வரல. மந்தைவெளியில் வாடகை வீடு, ஒரே ஸ்கூட்டர். அப்பாவுக்கு 61 வயசு, முழங்கால் வலி. அம்மாவைப் பின்னாடி உட்கார வச்சுக்கிட்டு மழையில் அவர் ஸ்கூட்டர் ஓட்டுறதை இனிமேல் பார்த்துக்கிட்டு இருக்க முடியாது. கார் வாங்கணும். ஆனால் வாங்கினால் ஒரே ஒரு கார்தான், அடுத்த பல வருஷத்துக்கு அதுதான் குடும்ப வண்டி. எங்க அபார்ட்மென்ட்டில் மூன்றாவது மாடி அண்ணா ஒருத்தர் காமெட் வச்சிருக்கார். "ஷோரூம் டெஸ்ட் டிரைவ் எல்லாம் வேஸ்ட் தம்பி. சனிக்கிழமை ஃபுல்லா எடுத்துக்கோ, நானும் வர்றேன். அங்கிளையும் கூப்பிட்டுக்கோ" என்றார். அப்படித்தான் மூணு பேரும் கிளம்பினோம்.

முதலில், இது என்ன கார்?

2023-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த முழு பேட்டரி கார். நீளம் 2,974 மி.மீ. ஒரு காலத்தில் 'குட்டி கார்' என்ற பேருக்கே சொந்தமாக இருந்த டாடா நானோவின் நீளம் 3,099 மி.மீ. அதை விடவும் இது சின்னது. ஆனால், உயரம் 1,640 மி.மீ., அகலம் 1,505 மி.மீ. அதாவது, அகலத்தை விட உயரம் அதிகம். தூரத்தில் இருந்து பார்த்தால் யாரோ ஒரு காரை முன்னாலும் பின்னாலும் அமுக்கி வச்ச மாதிரி இருக்கும்.

கதவு ரெண்டுதான். சீட் நாலு. டேஷ்போர்டில் பக்கத்து பக்கத்தில் 10.25 இன்ச் ஸ்கிரீன் ரெண்டு. மோட்டார் பின்னாடி இருக்கு, பின் சக்கரங்களைத்தான் அது சுத்துது. பேட்டரி 17.3 கிலோவாட் அவர். பெயரைக் கேட்டால் வால் நட்சத்திரம்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால், 1934-ல் இங்கிலாந்தில் இருந்து ஆஸ்திரேலியாவுக்கு நடந்த விமானப் பந்தயத்தில் பறந்த 'காமெட்' விமானத்தின் பெயரைத்தான் இதற்கு வச்சிருக்காங்க.

வண்டியின் பூர்வீகம் சீனா. அங்கே 2020-ல் வந்து விற்பனையில் கலக்கிய ஊலிங் மினி இ.வி. குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் உடன்பிறப்பான ஊலிங் ஏர் இ.வி. இந்தோனேசியாவில் தயாராகுது. 2022-ல் பாலியில் நடந்த ஜி20 மாநாட்டில் அதிகாரபூர்வ வாகனங்களில் ஒன்றாக ஓடியது அதுதான். நம்ம காமெட் குஜராத்தின் ஹலோலில் தயாராகுது.

மாட வீதியில் ராஜா

முதல் ரோடு, வீட்டுப் பக்கத்து ரோடு. மயிலாப்பூரை இப்போ பார்த்தவங்களுக்குத் தெரியும். மெட்ரோ இரண்டாம் கட்ட வேலைக்காகப் பாதி ரோடு தகர வேலிக்குள்ளே போயிடுச்சு. எது ஒன்வே, எது டைவர்ஷன் என்பது அந்த ஏரியாவிலேயே பிறந்து வளர்ந்தவங்களுக்கே குழப்பம். கச்சேரி ரோட்டில் இருந்து மாட வீதிக்குள்ளே நுழைஞ்சா ஒரு பக்கம் காய்கறிக் கூடை, இன்னொரு பக்கம் பூக்கடை, நடுவில் மாடு.

இங்கேதான் காமெட் யாருன்னு தெரியுது. திரும்பும் ஆரம் 4.2 மீட்டர். அதாவது, சுமார் 8.4 மீட்டர் அகலம் இருந்தால் ஒரே வெட்டில் யூ-டர்ன் அடிச்சிடலாம். ரிவர்ஸ் எடுத்து, முன்னாடி வந்து, திரும்ப ரிவர்ஸ் எடுத்து, பின்னாடி இருக்கிற எல்லா ஹாரனையும் வாங்கிக் கட்டிக்கிற வேலை இல்லை. எதிரே கார் வந்தால், ஓரமாக நிற்கும் பைக்குகளுக்கு இடையில் ஒதுங்கி வழிவிட முடியுது. ஸ்டியரிங் ஒரு விரலில் திரும்புது. சீட் உயரமா இருக்கிறதால் வண்டியின் நாலு மூலையும் எங்கே முடியுதுன்னு முதல் 5 நிமிஷத்திலேயே பிடிபட்டுடும்.

மோட்டாரின் சக்தி வெறும் 42 பி.எஸ். பேப்பரில் பார்த்தால் சிரிப்பு வரும், ஆல்டோ கே10-க்கே 67 பி.எஸ். ஆனால், இழுவிசையைப் பாருங்க. காமெட்டுக்கு 110 நியூட்டன் மீட்டர், ஆல்டோவுக்கு 89. பெட்ரோல் இன்ஜின் அந்த 89-ஐத் தொட 3,500 சுற்றுக்குப் போகணும். பேட்டரி மோட்டாருக்கு அந்தக் காத்திருப்பே கிடையாது. அதனால்தான் சிக்னலில் பச்சை விழுந்ததும் சட்டென்று கிளம்புது. கிளட்ச் இல்லை, கியர் இல்லை, வட்டமா ஒரு குமிழ் மட்டும்தான்.

ஒரு சிக்னலில் பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் தலையை உள்ளே விட்டுக் கேட்டார், "சார், சார்ஜ் போட்டா எவ்ளோ ஓடும்?" அண்ணாவுக்கு இது பழகிப் போச்சாம். ஒவ்வொரு சிக்னலிலும் இதே கேள்விதான் என்றார். கூச்ச சுபாவம் உள்ளவங்க இந்த கார் பற்றி ரெண்டு தடவை யோசிக்கலாம்!

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேணும். இது சத்தமே போடாத கார். கூட்டத்துக்குள்ளே 10 கி.மீ. வேகத்தில் ஊர்ந்தால் முன்னாடி நடக்கிறவங்களுக்கு நாம வர்றதே தெரியாது. இன்ஜின் சத்தம் கேட்டு ஒதுங்கிப் பழகின ஊர் இது.

கார் சின்னது, கதவு பெருசு

பார்க்கிங் பற்றி எல்லோரும் சொல்ற விஷயம் உண்மைதான். மற்ற காருக்குப் பத்தாத இடத்தில் இது நிற்கும். ஆனால், யாரும் சொல்லாத பாதி ஒண்ணு இருக்கு. ரெண்டு கதவு கார் என்பதால், அதே ஒரு கதவு வழியாகத்தான் பின் சீட்டுக்கும் போகணும். அதனால் கதவு நீளமா இருக்கு. நீளமான கதவைத் திறக்கப் பக்கவாட்டில் இடம் வேணும். ரெண்டு காருக்கு நடுவில் காமெட்டை நுழைச்சிடலாம், உள்ளே இருக்கிறவர் வெளியே வர்றதுதான் பிரச்சினை. ஷோரூம் வாசலில் எப்பவும் கதவு தாராளமாகத் திறக்கும். உங்க அபார்ட்மென்ட் தூணுக்குப் பக்கத்தில் திறக்குமா என்று பார்க்கணும்.

பின் சீட்டு கதைக்கு வர்றேன். உள்ளே போயிட்டா ரெண்டு பேர் தாராளமாக உட்காரலாம். தலை இடிக்கல, கால் இடிக்கல. அண்ணா 5 அடி 10 அங்குலம், அவரே பின்னாடிதான் உட்கார்ந்து வந்தார். போறதும் வர்றதும்தான் வேலை. முன் சீட்டைச் சாய்த்து நகர்த்தி, குனிஞ்சு, ஒரு காலை உள்ளே வச்சு, உடம்பைத் திருப்பி... 25 வயசில் இது ஒரு விஷயமே இல்லை. திருவான்மியூரில் காபிக்கு நிறுத்தினப்போ அப்பா தானும் ஒரு தடவை பின்னாடி ஏறிப் பார்க்கிறேன் என்றார். ஏறிட்டார். இறங்கத்தான் முன் சீட்டைப் பிடிச்சுக்கிட்டு ஒரு நிமிஷம் யோசிச்சார்.

"முன்னாடி எனக்கு வசதியாத்தான் இருக்கு. நீ வண்டி ஓட்டுவே. அப்போ பின்னாடி யாரு, உன் அம்மாவா? அவளுக்கு என்னை விட முட்டி வலி ஜாஸ்திடா."

அந்த ஒரு கேள்விக்கு எந்த ஸ்பெக் ஷீட்டிலும் பதில் இல்லை. குடும்பத்துக்கு ஒரே கார் என்று யோசிக்கிறவங்க டெஸ்ட் டிரைவுக்குத் தனியா போகாதீங்க. வீட்டிலேயே வயசானவர் யாரோ, அவரைக் கூட்டிட்டுப் போங்க. வண்டியை ஓட்டுறதுக்கு முன்னாடி அவரைப் பின் சீட்டில் ரெண்டு தடவை ஏறி இறங்கச் சொல்லுங்க.

டிக்கியைப் பற்றியும் இங்கேயே சொல்லிடறேன், சொல்ல அதிகம் இல்லை. பின் சீட்டு நிமிர்ந்திருந்தால் டிக்கி என்று ஒன்று கிடையாது, ஒரு லேப்டாப் பை நுழையலாம். சீட்டைப் பாதி பாதியாக மடிக்கலாம். ஆக, நாலு பேர் அல்லது ரெண்டு பேரும் ரெண்டு சூட்கேஸும். ரெண்டும் சேர்ந்து கிடையாது. ஏர்போர்ட்டுக்கு அம்மா, அப்பா, பெட்டியோடு போறதுக்கு டாக்ஸிதான்.

ஓ.எம்.ஆர். சொன்ன உண்மை

திருவான்மியூர் தாண்டி ஓ.எம்.ஆரில் ஏறினோம். இங்கேயும் மெட்ரோ வேலை, ரோடு ஒட்டுப் போட்ட சட்டை மாதிரி இருக்கு. காமெட்டின் குணம் மாறுறது இங்கேதான். உடம்பு குலுங்குது. 'சஸ்பென்ஷன் ஹார்டா இருக்கு' என்று ஒரே வரியில் சொல்லிடலாம். ஆனால் விஷயம் அதை விடக் கொஞ்சம் சுவாரஸ்யமானது.

முதல் காரணம், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் இருக்கிற தூரம். வீல்பேஸ் என்பாங்க. காமெட்டில் அது 2,010 மி.மீ. மாருதி ஸ்விஃப்ட்டில் 2,450. 30 கி.மீ. வேகத்தில் ஒரு வேகத்தடையைத் தாண்டுறீங்கன்னு வச்சுக்கோங்க. ஸ்விஃப்ட்டில் முன் சக்கரம் குதிச்சு சுமார் 0.29 விநாடி கழிச்சுப் பின் சக்கரம் குதிக்கும். காமெட்டில் 0.24 விநாடியிலேயே அடுத்த குதி வந்துடும். முதல் ஆட்டம் அடங்கறதுக்குள்ளே ரெண்டாவது. பார்க்கச் சின்ன வித்தியாசம். ஆனால், வரிசையா நாலு வேகத்தடை இருக்கிற தெருவில் இடுப்புக்குத் தெரியும். இன்னொன்று, குட்டையான பலகையின் ஒரு முனையைத் தூக்கினால் அது அதிகமாகச் சாயும் இல்லையா? அதே மாதிரி முன்னும் பின்னுமா வண்டி தலையாட்டும்.

ரெண்டாவது காரணம், 12 இன்ச் வீல். 145/70 ஆர்12 டயரோடு சேர்த்துப் பார்த்தால் மொத்த விட்டம் சுமார் 51 செ.மீ. 185/65 ஆர்15 டயர் போட்ட ஒரு ஹேட்ச்பேக்கில் அது சுமார் 62 செ.மீ. பெரிய சக்கரம் ஒரு பள்ளத்தின் மேலே பாலம் போட்ட மாதிரி கடந்து போயிடும். சின்ன சக்கரம் அதே பள்ளத்துக்குள்ளே இறங்கி, எதிர் விளிம்பில் முட்டி, ஏறி வரும். பள்ளம் மாறல, சக்கரத்தின் கண்ணுக்கு அது பெருசாகத் தெரியுது, அவ்வளவுதான்.

ரெண்டு வருஷம் இதிலேயே சோழிங்கநல்லூர் ஆபீஸுக்குப் போயிட்டு வர்ற அண்ணாவிடம் இதற்கு ஒரு வைத்தியம் இருக்கு. பள்ளத்தைப் பார்த்தால் அதற்கு முன்னாடியே பிரேக் பிடிச்சு வேகத்தைக் குறைச்சிட்டு, பள்ளத்தில் இறங்கும்போது பிரேக்கை விட்டுடணும். பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இறங்கினால் முன் பக்கம் ஏற்கெனவே அமுங்கி இருக்கும், அடி நேரா மேலே வரும். இது எல்லா காருக்கும் பொருந்தும், குட்டிச் சக்கர காருக்கு ரொம்பவே பொருந்தும். டயரில் காற்று எவ்வளவு வைக்கணும் என்பதை காரில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் பார்த்து வைங்க. 'கொஞ்சம் ஜாஸ்தி அடிச்சா மைலேஜ் வரும்' என்று பங்க்கில் சொல்றதைக் கேட்டால் குலுக்கல் இன்னும் கூடும்.

அதே ஓ.எம்.ஆரில் இதற்கு நேர்மாறான இன்னொரு அனுபவமும் இருக்கு. ரோடு கொஞ்சம் சரியாக இருந்து, டிராஃபிக் மட்டும் நிற்கிற இடங்களில் இந்த கார் ஒரு வரம். ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்ததும் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வேகத்தைக் குறைக்கும், அந்த மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பப் போகும். எவ்வளவு பலமா குறைக்கணும் என்பதை லைட், நார்மல், ஹெவி என்று மாத்திக்கலாம். ஹெவியில் வச்சிட்டா நின்று நின்று போற டிராஃபிக்கில் வலது கால் பாதி நேரம் ஒரே பெடலில்தான் இருக்கும். 18 கி.மீ. கிளட்ச் மிதிச்சு வீட்டுக்கு வந்து சோபாவில் விழுறவங்களுக்கு இதன் அருமை புரியும்.

இ.சி.ஆரில் என்ன ஆகுது?

சோழிங்கநல்லூரில் இருந்து அக்கரை இணைப்புச் சாலை வழியா பக்கிங்ஹாம் கால்வாயைத் தாண்டினால் இ.சி.ஆர். அங்கிருந்து உத்தண்டி, முட்டுக்காடு, கோவளம். ரோடு நல்லா இருக்கு, குலுக்கல் போயிடுச்சு. இப்போ வேறு விஷயம் தெரிய ஆரம்பிக்குது.

60 வரைக்கும் பிரச்சினையே இல்லை. சென்னை நகருக்குள்ளே கார்களுக்கு 2023 நவம்பரில் போலீஸ் நிர்ணயித்த வேக வரம்பும் 60-தான், அந்த வகையில் நகரத்துக்கு இந்த கார் அளவெடுத்துத் தச்ச மாதிரி. 80-ஐ நெருங்கும்போது இழுவை குறையுது. உச்ச வேகம் சுமார் 100. எதிரே லாரி வர்ற ரோட்டில் முன்னாடி போற பஸ்ஸை ஓவர்டேக் பண்ணணும்னா கணக்குப் போட்டுத்தான் பண்ணணும். கடற்காற்று வேற. உயரமான, ஒல்லியான, எடை குறைந்த வண்டி என்பதால், பெரிய பஸ் பக்கத்தில் கடந்து போகும்போது லேசா ஒரு தள்ளு இருக்கு. பயப்படற அளவுக்கு இல்லை. ரெண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கணும், அவ்வளவே.

பாதுகாப்பு பற்றியும் பேசிடணும். முன்னாடி ரெண்டு ஏர்பேக், ஏ.பி.எஸ். ஆரம்பத்தில் இருந்தே உண்டு. 2024-ல் வந்த மேல் வேரியன்ட்களில் வண்டி சறுக்காமல் பிடிக்கிற இ.எஸ்.சி. வசதியும் சேர்ந்தது. பாரத் என்கேப் என்ற இந்தியாவின் சொந்த மோதல் சோதனை 2023 அக்டோபரில் தொடங்கியது, அது நிறுவனங்கள் தாங்களாக முன்வந்து செய்துகொள்கிற சோதனை. எந்த கார் வாங்கினாலும் அதன் தளத்தில் போய் நட்சத்திரம் எத்தனை என்று பாருங்க. நட்சத்திரம் எத்தனை இருந்தாலும், எடை குறைந்த காரும் எடை கூடிய லாரியும் மோதினால் யாருக்கு அடி அதிகம் என்பது பௌதிகம். அதனால் இது நெடுஞ்சாலைக்கான கார் இல்லை என்பது என் கட்சி.

வேகம் கூடினால் பேட்டரியும் வேகமாகத் தீரும். காற்று தடுக்கிற விசை, வேகத்தின் இரட்டைப் பெருக்கமாகக் கூடும். 40-ல் போறதை விட 80-ல் காற்று நாலு மடங்கு பலமா தடுக்கும். பெட்ரோல் காரில் ஹைவேயில்தான் மைலேஜ் அதிகம் என்று பழகியிருக்கோம், பேட்டரி காரில் அது தலைகீழ். ஊருக்குள்ளேதான் அதிக தூரம் வரும்.

கம்பெனி சொல்ற 230 கி.மீ. என்பது ஏ.ஆர்.ஏ.ஐ. சான்றளித்த எண். ஆய்வுக்கூடத்தில், குறிப்பிட்ட வேகப் பட்டியல்படி ஓட்டிப் பார்த்து வர்றது. நிஜ வாழ்க்கையில் ஏ.சி., மூணு பேர், சிக்னல் எல்லாம் சேர்ந்து ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 10 கி.மீ. என்று வச்சுக்கிட்டால் 17.3 யூனிட்டுக்கு சுமார் 170 கி.மீ. நாங்க அன்றைக்குச் சுற்றினது 90 கி.மீ. போல. வீட்டுக்கு வரும்போது பாதிக்கு மேல தீர்ந்திருந்தது, ஆக அந்தக் கணக்கு பெரிசா தப்பல.

'வீக்எண்டு பாண்டி போகலாமா?' என்பதுதான் நம்ம வயசுக்காரங்களின் முதல் கேள்வி. இ.சி.ஆர். வழியா சுமார் 150 கி.மீ. மெதுவா ஓட்டினால் போய்ச் சேரலாம், ஆனால் கடைசி 30 கி.மீ. ரோட்டைப் பார்க்க மாட்டீங்க, பேட்டரி சதவீதத்தைத்தான் பார்ப்பீங்க. வழியில் சார்ஜ் போட்டுக்கலாமே என்றால், அதிலேதான் சிக்கல். ஹைவே சார்ஜிங் நிலையங்களில் மற்ற கார்கள் ஒரு மணி நேரத்தில் ஏத்திக்கிற டி.சி. ஃபாஸ்ட் சார்ஜிங் வசதி காமெட்டில் கிடையாது. சாதாரண ஏ.சி. மின்சாரத்தில்தான் ஏறும். 3.3 கிலோவாட் சார்ஜரில் முழுசா ஏற சுமார் 7 மணி நேரம், 2024-ல் சில வேரியன்ட்களுக்கு வந்த 7.4 கிலோவாட்டில் சுமார் மூன்றரை மணி நேரம். பாண்டியில் ராத்திரி தங்குற லாட்ஜில் பிளக் பாயின்ட் தருவாங்கன்னா போங்க. டீ குடிக்கிற நேரத்தில் சார்ஜ் ஏத்திட்டுப் போகலாம் என்ற திட்டம் இதில் நடக்காது.

பரங்கிமலை ஏற்றம்

திரும்பும் வழியில் பரங்கிமலைக்கும் ஒரு தடவை ஏறிப் பார்த்தோம். மேலே சர்ச் வரைக்கும் கார் போகும், சின்ன மலைதான், ஆனால் ஏற்றம் நல்ல ஏற்றம். மூணு பேரை ஏத்திக்கிட்டு முக்காமல் ஏறிச்சு. ஏற்றத்தில் எடை பின் சக்கரத்துக்குப் போகும், மோட்டாரும் அங்கேயே இருக்கிறதால் பிடிப்பு நல்லா கிடைக்குது. இறங்கும்போது ஹெவி மோடில் வச்சால் பிரேக்குக்குப் பெரிய வேலை இல்லை. வீட்டில் 100 சதவீதம் சார்ஜ் போட்டுட்டு உடனே ஒரு இறக்கத்தில் இறங்கினால் மட்டும் இந்த வித்தை சரியா வேலை செய்யாது, எந்த பேட்டரி காரிலும் அப்படித்தான். நிரம்பின பேட்டரியில் மின்சாரத்தைத் திரும்பப் போட இடம் இருக்காது இல்லையா.

மழை வந்தா?

வெள்ள எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் காரைக் கொண்டுபோய் வரிசையா நிறுத்துற ஊரில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. பேட்டரிக்கு ஐ.பி.67 தரச் சான்று இருக்கு. அதற்கு அர்த்தம், ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிஷம் மூழ்கினாலும் உள்ளே தண்ணீர் புகாது என்று சோதனையில் நிரூபிச்சிருக்காங்க. அந்தத் தண்ணீர் தேங்கி நிற்கிற சுத்தமான தண்ணீர். சப்வேக்குள்ளே ஓடுற சாக்கடை வெள்ளம் இல்லை. பேட்டரி தப்பிச்சாலும் சீட், வயரிங், பேரிங் எல்லாம் தப்பிக்காது. எடை குறைந்த கார் வெள்ளத்தில் சீக்கிரம் மிதக்கவும் ஆரம்பிக்கும். ஷோரூமில் 'தண்ணியில தாராளமா போலாம் சார்' என்று யாராவது சொன்னால் சிரிச்சிட்டு அடுத்த கேள்விக்குப் போயிடுங்க. தேங்கின தண்ணீரில் வண்டி நின்றிருந்தால், வடிஞ்ச பிறகு சார்ஜ் போடாமல் முதலில் சர்வீஸ் சென்டரைக் கூப்பிடணும்.

பிளக் எங்கே இருக்கு?

ரோட்டை விடப் பெரிய கேள்வி இதுதான். 3.3 கிலோவாட் சார்ஜருக்கு 15 ஆம்பியர் பிளக் பாயின்ட் போதும், ஏ.சி.க்கோ கீசருக்கோ போடுற அதே ரகம். தனி வீடு என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, நல்ல எர்த்திங்கோடு, தனி எம்.சி.பி. வச்சு ஒரு லைன் இழுத்தால் வேலை முடிஞ்சது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். பல மணி நேரம் தொடர்ந்து 14, 15 ஆம்பியர் இழுக்கும், மலிவான பாக்ஸ் உருகிடும்.

அபார்ட்மென்ட்டில் கதை வேற. பார்க்கிங்கில் இருந்து உங்க மீட்டருக்கு வயர் இழுக்க அசோசியேஷன் சம்மதிக்கணும். பொது மீட்டரில் இருந்து எடுத்தால் 'உன் காருக்கு நாங்க ஏன் கரன்ட் பில் கட்டணும்?' என்ற நியாயமான கேள்வி வரும், அதற்கு சப்-மீட்டர் வைக்கணும். வாடகை வீடு என்றால் ஹவுஸ் ஓனரும் ஒத்துக்கணும். அண்ணாவுக்கு இது எல்லாம் முடிய ரெண்டு மாசம் ஆச்சாம். அதுவரைக்கும் ஆபீஸில்தான் சார்ஜ். டி.சி. வசதி இல்லாத காருக்கு வீட்டு பிளக்தான் பெட்ரோல் பங்க். அது உறுதியாகாமல் புக்கிங் பணம் கட்டாதீங்க.

செலவு கணக்கு இதன் பெரிய பலம். பேட்டரி நிரம்ப, வீணாகிறதையும் சேர்த்து 20 யூனிட் போகுதுன்னு வைங்க. யூனிட் 8 ரூபாய் என்றால் 160 ரூபாய். அதில் 170 கி.மீ. ஓடினால் கி.மீ.க்கு ஒரு ரூபாய்க்கும் கீழே. லிட்டருக்கு 15 கி.மீ. தர்ற பெட்ரோல் காரில், பெட்ரோல் 100 ரூபாய் என்று வச்சாலும் கி.மீ.க்கு 6 ரூபாய் 67 காசு. மாசம் 1,000 கி.மீ. ஓட்டினால் வித்தியாசம் 5,700 ரூபாய்க்கு மேல.

2024 செப்டம்பரில் பேட்டரியை வாடகைக்கு எடுக்கிற திட்டத்தையும் கொண்டு வந்தாங்க. கார் விலை 4.99 லட்சம், ஓடுற ஒவ்வொரு கி.மீ.க்கும் 2.50 ரூபாய் என்று அப்போது அறிவிப்பு. அதே 1,000 கி.மீ.க்கு வாடகை 2,500, கரன்ட் சுமார் 950. சேர்த்தாலும் பெட்ரோலை விடக் குறைவுதான். விலையும் வாடகையும் மாறிக்கிட்டே இருக்கு, இன்றைய எண்ணைக் கேட்டுக்கோங்க. ஒப்பந்தத்தில் கேட்க வேண்டியது வேறு ஒண்ணு. மாசத்துக்குக் குறைந்தபட்சம் இத்தனை கி.மீ. என்று கணக்கு வச்சிருக்காங்களா? இருந்தால், வண்டி வீட்டில் நின்றாலும் அந்தப் பணம் போகும்.

அப்போ யாருக்கு இது? தினமும் 30, 40 கி.மீ. ஊருக்குள்ளே தனியாகவோ ரெண்டு பேராகவோ போறவங்க, வீட்டில் பிளக் இருக்கிறவங்க, ஊருக்குப் போக ரயிலோ இன்னொரு காரோ இருக்கிறவங்க. இவங்களுக்கு இதை விட சுலபமான நகர கார் என் கண்ணில் படல. ஒரே காரில் எல்லாம் நடக்கணும், நாலு பேர் வசதியா ஏறி இறங்கணும்னா, நாலு கதவும் டிக்கியும் டி.சி. சார்ஜிங்கும் உள்ள டாடா டியாகோ இ.வி. மாதிரி வண்டியை ஓட்டிப் பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம். அது 3.7 மீட்டருக்கு மேல நீளம், மாட வீதியில் அந்த முக்கால் மீட்டர் தெரியும். விலையிலும் தெரியும்.

அப்பாவின் தீர்ப்பு இன்னும் வரல. அம்மாவை முன் சீட்டில் உட்கார வச்சு, தான் பின்னாடி ஏறி இறங்கிப் பழகிக்கலாமா என்று யோசிக்கிறார். டியாகோவையும் ஒரு நாள் ஓட்டிப் பார்க்கலாம் என்றும் சொல்றார். எது வாங்கினாலும் பிளக் வேணும் என்பதால் ஹவுஸ் ஓனரிடம் பேசியாச்சு, அவர் சரி சொல்லிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அசோசியேஷன் மீட்டிங்கில் மூன்றாவது மாடி அண்ணா எங்களுக்காகப் பேசுறதா சொல்லியிருக்கார்.